நீரைப் பிரிக்கும் மென்படைகள்: மின்பகுப்பும் நனோ ஊக்கிகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்

மாணவர்களே, மின்பகுப்பு, தாக்க வீதம், ஊக்கிகள், பிணைப்புகள் என்பவற்றை நீங்கள் தனித்தனி அலகுகளிற் கற்றிருப்பீர்கள். பரீட்சையில் அவை ஒரே வினாவில் இணைந்து வரும்போது பலர் தடுமாறுகின்றனர். இந்நான்கும் ஒன்றாகச் சந்திக்கும் ஓரிடம் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்தலாகும். அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• நீரின் மின்பகுப்பில் இரு மின்வாய்களிலும் நிகழும் தாக்கங்களை எழுதவும்,
• ஊக்கி எதனை மாற்றுகின்றது, எதனை மாற்றாது என வேறுபடுத்தவும்,
• படைக் கட்டமைப்புள்ள பதார்த்தங்களின் இயல்புகளைப் பிணைப்பைக் கொண்டு விளக்கவும்,
• "மேற்பரப்பு கூடினால் தாக்க வீதம் கூடும்" எனும் கூற்றின் எல்லையைக் காட்டவும்
தேர்ச்சி பெறுவீர்கள்.

1. ஐதரசன் ஏன் வேண்டும்?

ஐதரசன் எரியும்போது உண்டாவது நீர் மாத்திரமே. காபனீரொட்சைட்டு வெளிவிடப்படுவதில்லை. அமோனியாவையும் அதிலிருந்து யூரியா முதலிய பசளைகளையும் தயாரிப்பதற்கும் ஐதரசன் பெருமளவில் தேவைப்படுகின்றது. ஆனால் இன்று உலகில் தயாரிக்கப்படும் ஐதரசனின் பெரும்பகுதி இயற்கை வாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே பெறப்படுகின்றது. இயற்கை வாயுவைக் கொதிநீராவியுடன் தாக்கமுறச் செய்து 1 கிலோகிராம் ஐதரசனைப் பெறும்போது ஏறத்தாழ 9 தொடக்கம் 10 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தைச் சேர்கின்றது. எனவே எரியும்போது தூயதாக இருக்கும் எரிபொருள், தயாரிக்கும்போது மாசை உண்டாக்குகின்றது.

இதற்கு மாற்றுவழி சூரிய ஒளி, காற்று, நீர்வீழ்ச்சி என்பவற்றிலிருந்து பெறும் மின்னைக் கொண்டு நீரைப் பிரித்தலாகும். இவ்வழி நன்கு அறியப்பட்டது. 1800 ஆம் ஆண்டில் வோல்ற்றாவின் மின்னடுக்கு பற்றிய செய்தி இலண்டனை எட்டியவுடனேயே வில்லியம் நிக்கல்சன், அன்ரனி கார்லைல் ஆகிய இருவரும் அத்தகைய அடுக்கொன்றை அமைத்து நீரைப் பிரித்துக் காட்டினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தெரிந்த முறையாக இருந்தும் அது ஏன் இன்னும் பரவலாகவில்லை? செலவே முக்கிய காரணம். அச்செலவில் மின்னுக்கும் ஊக்கிக்கும் பெரும் பங்குண்டு.

2. மின்பகுப்பை மீட்டுப் பார்த்தல்

தூய நீர் மின்னை மிக அரிதாகவே கடத்தும். ஆகவே சிறிதளவு ஐதான சல்பூரிக்கமிலம் சேர்க்கப்படுகின்றது. நேரோட்டம் செலுத்தப்படும்போது நிகழ்பவை வருமாறு:

கதோட்டில் (மறை மின்வாய்) – தாழ்த்தல்
4 ஐதரசன் அயன்கள் + 4 இலத்திரன்கள் → 2 ஐதரசன் மூலக்கூறுகள்

அனோட்டில் (நேர் மின்வாய்) – ஒட்சியேற்றம்
2 நீர் மூலக்கூறுகள் → 1 ஒட்சிசன் மூலக்கூறு + 4 ஐதரசன் அயன்கள் + 4 இலத்திரன்கள்

இரண்டையும் கூட்டினால்,
2 நீர் மூலக்கூறுகள் → 2 ஐதரசன் மூலக்கூறுகள் + 1 ஒட்சிசன் மூலக்கூறு

இதனாலேயே கதோட்டில் சேரும் வாயுவின் கனவளவு அனோட்டில் சேரும் வாயுவின் கனவளவைப்போல் இருமடங்காகும். காபன் கோல்களைப் பயன்படுத்தினால் ஒட்சிசனின் கனவளவு எதிர்பார்த்ததிலும் குறைவாக இருக்கலாம். ஒட்சிசனின் ஒரு பகுதி காபனுடன் தாக்கமுறுவதும், ஒட்சிசன் நீரிற் சிறிதளவு கரைவதும் அதற்குக் காரணங்களாகும்.

ஐதரசனுள்ள சோதனைக்குழாயின் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டு சென்றால் "பொப்" என்ற ஒலி கேட்கும். ஒட்சிசனுள் தணற்குச்சியைச் செலுத்தினால் அது சுடர்விட்டு எரியும்.

கவனிக்க: வீட்டில் இதனைச் செய்து பார்க்க விரும்புவோர் கறியுப்பைச் சேர்க்க வேண்டாம். செறிந்த உப்புக் கரைசலில் அனோட்டில் நச்சு வாயுவான குளோரீன் வெளிவரும். பிரதான மின் வழங்கலை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. ஆசிரியரின் மேற்பார்வையில் உலர்மின்கலங்களைக் கொண்டே இப்பரிசோதனை செய்யப்படல் வேண்டும்.

உதாரணம் 1
90 கிராம் நீரை முற்றாகப் பிரித்தால் பெறப்படும் ஐதரசனின் திணிவு யாது? (சார் அணுத்திணிவு: ஐதரசன் 1, ஒட்சிசன் 16)

நீரின் மூலர்த் திணிவு = 18 கிராம்
நீரின் மூல் அளவு = 90 ÷ 18 = 5 மூல்
பெறப்படும் ஐதரசன் = 5 மூல்
திணிவு = 5 × 2 = 10 கிராம்

எஞ்சிய 80 கிராமும் ஒட்சிசனாகும். அதாவது 1 கிலோகிராம் ஐதரசனைப் பெற 9 கிலோகிராம் நீர் பிரிக்கப்படல் வேண்டும்.

3. ஊக்கி எதனை மாற்றுகின்றது?

1 மூல் திரவ நீரைப் பிரிப்பதற்கு 286 கிலோயூல் சக்தி உறிஞ்சப்படுகின்றது. இது அகவெப்பத் தாக்கமாகும். இச்சக்தியில் ஏறத்தாழ 237 கிலோயூல் மின்சக்தியாகவே வழங்கப்படல் வேண்டும். எஞ்சியது வெப்பமாகக் கிடைக்கலாம். 25 பாகை செல்சியசில் இதற்கு வேண்டிய இழிவு அழுத்த வித்தியாசம் 1.23 வோல்ற்று ஆகும்.

எனினும் 1.23 வோல்ற்றைப் பிரயோகித்தால் குமிழிகள் எழுவதில்லை. தாக்கம் பயன்தரு வீதத்தில் நிகழ, ஏவற் சக்தி எனும் தடையைத் தாண்டவும் கரைசலின் தடையைச் சமாளிக்கவும் மேலதிக அழுத்தம் தேவை. மின்வாயில் நிகழும் தாக்கத்துக்காக இவ்வாறு மேலதிகமாக வழங்கப்படும் அழுத்தம் மிகையழுத்தம் எனப்படும். தொழிற்சாலைக் கலங்கள் பொதுவாக 1.8 தொடக்கம் 2 வோல்ற்று அளவில் இயங்குகின்றன.

ஊக்கி குறைப்பது இந்த மிகையழுத்தத்தையே. 1.23 வோல்ற்று எனும் எல்லையை எந்த ஊக்கியாலும் குறைக்க முடியாது. மலையின் இருபுறமும் உள்ள இரு ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஊக்கி, மலையைச் சுற்றித் தாழ்வான பாதை ஒன்றை அமைக்கின்றது. மேலேயுள்ள ஊரைக் கீழே இறக்கி வைப்பதில்லை.

உதாரணம் 2
ஒரு கலம் 2.0 வோல்ற்றில் இயங்குகின்றது. சிறந்த ஊக்கி இடப்பட்டபின் அதே வீதத்தில் ஐதரசனைத் தர 1.7 வோல்ற்று போதுமாகின்றது. மின்சக்திச் சேமிப்பின் சதவீதம் யாது?

ஒரே அளவு ஐதரசனைப் பெற ஒரே அளவு மின்னேற்றமே தேவை. சக்தி = மின்னேற்றம் × அழுத்த வித்தியாசம். ஆகவே சேமிப்பு = (2.0 – 1.7) ÷ 2.0 × 100 = 15%.

1 கிலோகிராம் ஐதரசனுக்கு 2.0 வோல்ற்றில் ஏறத்தாழ 53 கிலோவாற்று மணி மின் செலவாகும். 1.7 வோல்ற்றில் அது ஏறத்தாழ 45 ஆகக் குறையும். ஒரு கிலோகிராமுக்கு 8 கிலோவாற்று மணி சேமிப்பு என்பது பெருந்தொழிற்சாலைக்குச் சிறிய தொகையன்று.

கதோட்டில் மிகச் சிறந்த ஊக்கி பிளாற்றினம் ஆகும். அமில ஊடகக் கலங்களின் அனோட்டில் இரிடியத்தின் ஒட்சைட்டு பயன்படுத்தப்படுகின்றது. இரண்டுமே புவியோட்டில் மிக அரிதானவை. விலையும் மிக உயர்வு. ஆகவே மலிவான, எளிதிற் கிடைக்கும் மூலகங்களாலான ஊக்கி தேடப்படுகின்றது.

4. படைக் கட்டமைப்பு

பென்சிலிலுள்ள காரீயத்தை (பென்சிற்கரியை) எடுத்துக்கொள்வோம். ஒரு படையினுள் ஒவ்வொரு காபன் அணுவும் வேறு மூன்று காபன் அணுக்களுடன் வலிமையான பங்கீட்டுவலுப் பிணைப்புகளால் இணைந்துள்ளது. படைகளுக்கிடையே இருப்பதோ நலிந்த கவர்ச்சி விசை மாத்திரமே. எனவே படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. தாளில் கோடு விழுவதும் காரீயம் உராய்வுநீக்கியாகப் பயன்படுவதும் இதனாலேயே. இலங்கையில் போகல, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களில் பாறைப் பிளவுகளினூடே நாளங்களாகப் படிந்துள்ள தூய்மை மிக்க காரீயம் அகழப்படுகின்றது.

2004 இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் அந்திரே கெயிம், கொன்ஸ்தந்தின் நொவோசெலோவ் ஆகியோர், ஒட்டுநாடாவைக் காரீயத்தின் மீது ஒட்டி மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுத் தடிப்புள்ள தனிப் படையைப் பெற்றமையை வெளியிட்டனர். அது கிரபீன் எனப்படும். இதற்காக அவர்களுக்கு 2010 ஆம் ஆண்டுக்கான பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீளமும் அகலமும் பெரிதாக இருக்க, தடிப்பு மாத்திரம் ஓரிரு அணுக்களின் அளவில் இருக்கும் இத்தகைய பதார்த்தங்கள் இருபரிமாண நனோ பதார்த்தங்கள் எனப்படும். 1 நனோமீற்றர் என்பது 1 மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

காரீயத்தைப் போலவே படைகளைக் கொண்ட மற்றொரு பதார்த்தம் மொலிப்டினம் இருசல்பைட்டு. இது மொலிப்டினைற்று எனும் கனியமாக இயற்கையிற் கிடைக்கின்றது. ஒவ்வொரு படையும் கந்தகம் – மொலிப்டினம் – கந்தகம் என மூன்று அணு அடுக்குகளாலானது. ஒரு படையின் தடிப்பு ஏறத்தாழ 0.65 நனோமீற்றர். இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே ஒரு வாட்டு வைத்தது போன்ற அமைப்பு எனக் கொள்ளலாம். படைக்குள் வலிமையான பிணைப்பு. படைகளுக்கிடையே நலிந்த விசை. ஆகவே இதுவும் இயந்திரங்களில் உராய்வுநீக்கியாகப் பயன்படுகின்றது.

5. முகமா, விளிம்பா?

இதுவே இப்பாடத்தின் மையமாகும். கதோட்டில் ஐதரசன் உருவாகும் விதத்தை இரு படிகளாக நோக்குக.

படி 1: ஐதரசன் அயன் ஓர் இலத்திரனைப் பெற்று, ஐதரசன் அணுவாக ஊக்கியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும்.
படி 2: அந்த அணு மற்றோர் ஐதரசனுடன் இணைந்து மூலக்கூறாகி விலகிச் செல்லும்.

ஊக்கியானது ஐதரசன் அணுவை மிக நலிவாகப் பற்றினால் படி 1 நிகழாது. மிக வலிமையாகப் பற்றினால் படி 2 நிகழாது. தேநீர்க் கடையின் வாங்கைப் போன்றதே இது. வந்தவர் அமராவிட்டாலும் வியாபாரமில்லை; அமர்ந்தவர் எழுந்து போகாவிட்டாலும் வியாபாரமில்லை. பிளாற்றினம் ஐதரசனை அளவாகப் பற்றுவதாலேயே சிறந்த ஊக்கியாகின்றது.

மொலிப்டினம் இருசல்பைட்டின் பெரிய பளிங்குகள் இத்தாக்கத்தை நன்கு ஊக்குவிப்பதில்லை என்பது 1970 களிலேயே அறியப்பட்டிருந்தது. ஆகவே பலர் அதனைக் கைவிட்டனர். ஆனால் 2005 இல் வெளியான கணிப்பு ஆய்வொன்று புதிய பார்வையைத் தந்தது. பயறு, நிலக்கடலை போன்ற தாவரங்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் நைதரசனைப் பதிக்கின்றன அல்லவா? அதற்குதவும் நைத்திரசனேசு எனும் நொதியத்தில் மொலிப்டினம், இரும்பு, கந்தகம் ஆகியன உள. அந்நொதியத்தின் தாக்கமிடத்துக்கும் மொலிப்டினம் இருசல்பைட்டுப் படையின் விளிம்புக்கும் இடையே ஒற்றுமை காணப்பட்டது. அவ்விளிம்பு ஐதரசனை அளவாகப் பற்றும் எனக் கணிப்பு காட்டியது.

2007 இல் டென்மார்க் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஜராமில்லோவும் அவரது குழுவினரும் இதனைப் பரிசோதித்தனர். பொன்னின் மேற்பரப்பில் வெவ்வேறு பருமனுள்ள மொலிப்டினம் இருசல்பைட்டு நனோத் துணுக்குகளை வளர்த்து, அவற்றின் பரப்பளவையும் விளிம்பு நீளத்தையும் அளந்தனர். தாக்க வீதம் விளிம்பின் நீளத்துக்கு நேர்விகிதசமமாக இருந்தது. பரப்பளவுடன் அவ்வாறான தொடர்பு காணப்படவில்லை.

காரணம் யாது? படையின் முகத்திலுள்ள கந்தக அணுக்களின் பிணைப்புத் தேவை நிறைவடைந்துள்ளது. அவை ஐதரசனை நாடுவதில்லை. விளிம்பிலுள்ள அணுக்களுக்கோ அயலணுக்கள் குறைவு, பிணைப்பு நிறைவடையவில்லை. ஆகவே தாக்கம் அங்கு நிகழ்கின்றது. தாக்கம் நிகழும் இத்தகைய இடங்கள் செயலுறு மையங்கள் எனப்படும்.

உதாரணம் 3
பக்கம் 1000 நனோமீற்றர் உடைய ஒரு சதுரப் படை, பக்கம் 10 நனோமீற்றர் உடைய சிறு சதுரங்களாக வெட்டப்படுகின்றது. மொத்த முகப் பரப்பளவும் மொத்த விளிம்பு நீளமும் எவ்வாறு மாறும்?

சிறு சதுரங்களின் எண்ணிக்கை = 100 × 100 = 10 000
முகப் பரப்பளவு (ஒரு பக்கம்): முன்னர் 1000 × 1000 = 1 000 000; பின்னர் 10 000 × 100 = 1 000 000 சதுர நனோமீற்றர். மாற்றமில்லை.
விளிம்பு நீளம்: முன்னர் 4 × 1000 = 4000; பின்னர் 10 000 × 40 = 400 000 நனோமீற்றர். 100 மடங்கு அதிகரிப்பு.

ஆகவே ஒரே திணிவுள்ள பதார்த்தம், ஒரே முகப் பரப்பளவு. எனினும் செயலுறு மையங்கள் ஏறத்தாழ 100 மடங்காகின்றன. நனோ அளவுக்குச் செல்வதன் பயன் இதுவே.

விளிம்புகளை அதிகரிப்பதோடு, முகத்திலிருந்து சில கந்தக அணுக்களை அகற்றி வெற்றிடங்களை உண்டாக்குதல், மின்னை நன்கு கடத்தும் காபன் பதார்த்தங்களின் மீது படையை வளர்த்தல் என்பனவும் கையாளப்படுகின்றன. இவ்வாறான முன்னேற்றங்களின் பின்னரும் மொலிப்டினம் இருசல்பைட்டுக்குப் பிளாற்றினத்தை விடச் சற்று அதிக மிகையழுத்தம் தேவைப்படுகின்றது. அதன் அனுகூலம் மலிவும் கிடைக்கும் தன்மையுமாகும்.

6. அனோட்டின் சிக்கல்

ஓர் ஒட்சிசன் மூலக்கூறு உருவாக 4 இலத்திரன்கள் அகற்றப்படல் வேண்டும். ஐதரசன் மூலக்கூறுக்கு 2 இலத்திரன்களே போதும். படிகள் கூடுதலாக உள்ளமையால் பொதுவாக அனோட்டிலேயே அதிக மிகையழுத்தம் தேவைப்படுகின்றது. கார ஊடகத்தில் இதற்கு நிக்கலும் இரும்பும் சேர்ந்த படை இரட்டை ஐதரொட்சைட்டு சிறந்த ஊக்கியாக உள்ளது. இதுவும் படைக் கட்டமைப்புடையதே. நிக்கலும் இரும்பும் விலைமதிப்பற்ற பிளாற்றினம், இரிடியம் போன்று அரிதானவை அல்ல. ஆனால் இது அமிலத்திற் கரைந்துவிடும். ஆகவே ஊக்கியைத் தெரிவு செய்கையில் வேகத்தோடு ஊடகத்தையும் உறுதிநிலையையும் கருதுதல் வேண்டும்.

7. "நீரில் ஓடும் வாகனம்" உண்மையா?

நீரை மாத்திரம் ஊற்றி ஓடும் இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்திகளை நீங்கள் காலத்துக்குக் காலம் கேட்டிருக்கலாம். இப்போது அதனை நீங்களே மதிப்பிடலாம். 1 மூல் நீரைப் பிரிக்க 286 கிலோயூல் தேவை. பெற்ற ஐதரசனை எரித்து மீண்டும் திரவ நீரைப் பெற்றால் வெளிவருவதும் 286 கிலோயூலே. சக்திக் காப்பு விதிப்படி இலாபம் எதுவுமில்லை. நடைமுறையில் ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படுவதால் நட்டமே. எத்துணைச் சிறந்த ஊக்கியும் இக்கணக்கை மாற்றாது. நீர் ஓர் எரிபொருளன்று. ஐதரசன், வேறொரு மூலத்திலிருந்து பெற்ற சக்தியைச் சேமித்து வைக்கும் ஊடகமாகும். இத்தகைய செய்தியை நம்பிப் பணம் கொடுப்பவரைத் தடுக்க உங்கள் சாதாரண தர விஞ்ஞானமே போதும்.

8. மாணவர் விடும் பொதுவான பிழைகள்

• "ஊக்கி தாக்கத்துக்கு வேண்டிய சக்தியைத் தருகின்றது." – பிழை. அது ஏவற் சக்தி குறைந்த வழியைத் தருகின்றது.
• "ஊக்கி கூடுதலான விளைவைத் தருகின்றது." – பிழை. 90 கிராம் நீரிலிருந்து ஊக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 கிராம் ஐதரசனே பெறப்படும்.
• "கதோட்டில் ஒட்சியேற்றம்." – பிழை. கதோட்டில் எப்போதும் தாழ்த்தலே.
• "மேற்பரப்பு கூடினால் எப்போதும் வீதம் கூடும்." – முழுமையற்றது. செயலுறு மையங்கள் கூடுதல் வேண்டும்.

மாதிரி வினாக்கள்

பகுதி 1: சரியான விடையைத் தெரிவு செய்க.

1. அமிலந் துமித்த நீரின் மின்பகுப்பில் கதோட்டில் 40 கன சென்ரிமீற்றர் வாயு சேர்ந்தது. அனோட்டில் எதிர்பார்க்கப்படும் கனவளவு,
(1) 10 (2) 20 (3) 40 (4) 80 கன சென்ரிமீற்றர்

2. நீரின் மின்பகுப்பில் ஊக்கியால் மாற்றமுடியாதது,
(1) மிகையழுத்தம் (2) தாக்க வீதம் (3) 1.23 வோல்ற்று எனும் இழிவு அழுத்தம் (4) ஏவற் சக்தி

3. காரீயமும் மொலிப்டினம் இருசல்பைட்டும் உராய்வுநீக்கிகளாகப் பயன்படக் காரணம்,
(1) இரண்டும் உலோகங்களாதல் (2) படைகளுக்கிடையே நலிந்த விசை இருத்தல் (3) இரண்டிலும் அயன் பிணைப்பு இருத்தல் (4) நீரில் நன்கு கரைதல்

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

ஒரே நிபந்தனைகளில் மூன்று மாதிரிகளின் ஊக்கற்றிறன் ஒப்பிடப்பட்டது. (தரவுகள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.)

மாதிரி அ: முகப் பரப்பளவு 100 அலகு, விளிம்பு நீளம் 20 அலகு, தாக்க வீதம் 10 அலகு
மாதிரி ஆ: முகப் பரப்பளவு 100 அலகு, விளிம்பு நீளம் 40 அலகு, தாக்க வீதம் 20 அலகு
மாதிரி இ: முகப் பரப்பளவு 200 அலகு, விளிம்பு நீளம் 20 அலகு, தாக்க வீதம் 10 அலகு

(i) முகப் பரப்பளவின் விளைவை அறிய எவ்விரு மாதிரிகளை ஒப்பிடுவீர்? காரணம் தருக.
(ii) இத்தரவுகளிலிருந்து பெறத்தக்க முடிவு யாது?
(iii) முகப் பரப்பளவு 300, விளிம்பு நீளம் 60 அலகு உடைய மாதிரியின் வீதத்தை எதிர்வுகூறுக.
(iv) ஒப்பீடு நியாயமாக அமைய மாறாது பேணவேண்டிய காரணிகள் இரண்டு தருக.

விடைகள்

பகுதி 1: 1 – (2), 2 – (3), 3 – (2)

பகுதி 2:
(i) அ, இ. இவற்றில் விளிம்பு நீளம் சமம். முகப் பரப்பளவு மாத்திரம் வேறுபடுகின்றது.
(ii) தாக்க வீதம் விளிம்பு நீளத்துக்கு நேர்விகிதசமம். முகப் பரப்பளவில் தங்கியிருக்கவில்லை.
(iii) 30 அலகு.
(iv) வெப்பநிலை, அமிலத்தின் செறிவு, பிரயோகிக்கும் அழுத்த வித்தியாசம் என்பவற்றுள் இரண்டு.

பரீட்சைக் குறிப்பு: தாக்க வீதம் பற்றிய வினாவுக்கு விடையெழுதுகையில் "மேற்பரப்பு கூடியதால்" என்று மாத்திரம் நிறுத்திவிடாதீர்கள். "ஆகவே தாக்கிகள் சந்திக்கும் செயலுறு மையங்கள் அதிகரிக்கின்றன; ஒரு செக்கனில் நிகழும் பயன்தரு மோதல்களும் அதிகரிக்கின்றன" என முழுமையாக்குங்கள். காரணத்தைக் கூறும் விடையே முழுமையான விடையாகும்.